ராணியின் கழுத்தில் ஒரு கட்டை

அத்தியாயம் 14

“நீ வந்தே ஆகணும்னு ஒண்ணும் இல்லம்மா.”

மகள் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். முதல் முறை பல் துலக்கும்போது. இரண்டாம் முறை தலை பின்னும்போது. இப்போது அம்மா தன் நல்ல உடையை மேஜை மீது விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அரை நாள் பர்மிஷன் வாங்கியாச்சு. சூப்பர்வைசர் ஆகி ஆறு மாசத்துல முதல் பர்மிஷன். இப்ப வந்து வராதேன்னா எப்படி?”

“கூட்டமா இருக்கும். நிக்கக்கூட இடம் இருக்காது.”

“நாள் முழுக்க நிக்கிறவகிட்ட வந்து நிக்க இடம் இருக்காதுங்கறியே!”

அப்பா தலை துவட்டியபடி வந்தார். “கண்காட்சிக்குத் தலைப்பு என்னன்னு சொன்ன?”

“அதிகாரம்.”

“அதிகாரம்னா பவர்தானே? என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. மைனஸ் ரெண்டா, ப்ளஸ் ஒண்ணரையா?”

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். இன்று அவர் மட்டும் சிரித்து, துணை இல்லாததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு மகளின் கலக்கத்துக்குக் காரணம் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பழைய நாடகம் பாடமாக இருந்தது. வறட்சிக் காலத்தில் ஓர் அரசி, நகரத்தில் மிச்சமிருக்கும் ஒரே கிணற்றுக்குக் கதவு போட்டுப் பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும் என்றுதான். ஆனால் மழை பெய்த பிறகும் அந்தச் சாவி அவள் கழுத்தை விட்டு இறங்கவில்லை. ‘அந்தச் சாவி உங்களுக்கு என்னவாகத் தெரியுதோ, அதைப் படைச்சுக் கொண்டுவாங்க’ என்றார் ஓவிய சார். முப்பத்தொரு மாணவர்கள், முப்பத்தொரு படைப்புகள். அவற்றைப் பள்ளி ஹாலில் அமைக்கும் பொறுப்பு, கை சுத்தமான பெண் என்று மகளிடம் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தனியாக உட்கார்ந்து சுருள்களைப் பிரித்தபோதுதான் இருபத்து மூன்றாவது படத்தைப் பார்த்தாள். வகுப்பில் எல்லோரும் ‘சுருட்டை’ என்று கூப்பிடும் சுருட்டைமுடிப் பெண் வரைந்தது. ராணியின் கழுத்தில் சாவி இல்லை. நீல நாடாவில் கோத்த ஒரு மரக்கட்டை, உள்ளங்கை நீளம், அதில் ‘4’ என்று சூடுபோட்ட எண். ராணிக்கு முன்னால் வரிசையில் ஆறு பெண்கள். அடியில் பொடி எழுத்தில், ‘பாத்ரூம் போக அனுமதி.’

அந்தக் கட்டையை மகளுக்குத் தெரியும். சில நாள் அம்மா கழற்ற மறந்து அதோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். “என்னம்மா இது?” என்று கேட்டதற்கு, “எங்க லைனோட அடையாளம்” என்றிருந்தாள். சுருட்டையின் அம்மா அதே தையல் கம்பெனியில், அதே நான்காவது லைனில் சட்டைகளுக்குக் காஜா போடுகிறவள். அந்த லைனின் சூப்பர்வைசர் தன் அம்மாதான் என்று மகள் சுருட்டையிடம் சொன்னதே இல்லை.

மகள் படத்தைச் சுருட்டினாள். விளையாட்டுச் சாமான் அறையில், பாய்களுக்குப் பின்னால் செருகினாள்.

இதுதான் நடந்தது.

இஸ்திரிப் பெட்டி சட்டென்று நின்றது. “ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. கம்பெனிக்காரி வந்து நின்னா உனக்கு அசிங்கமா இருக்குமா?”

மகள் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இல்லை என்றால், பின்னே ஏன் தடுக்கிறாய் என்ற கேள்வி வரும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனத்துக்கு அம்மா தானாக ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

“சரி. யார்கிட்டயும் பேசல. ஒரு ஓரமா நின்னு உன் படத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன். யாராவது கேட்டா பக்கத்து வீடுன்னு சொல்லிக்கோ.”

“அப்படியெல்லாம் பேசாதம்மா.”

“பின்ன எப்படிப் பேசறது?”

அப்பா சீப்பைத் தலையிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் பையைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமலே படியிறங்கிவிட்டாள்.

*

“இருபத்தி மூணு எங்க?”

ஓவிய சார் இரண்டு முறை எண்ணிவிட்டார். படங்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி மாட்டி மகள் இடைவெளியை மறைத்திருந்தாள். ஆனால் பெயர் எழுதிய அட்டைகளை அவரே நேற்று ஒட்டிவிட்டுப் போயிருந்தார். இருபத்திரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே அந்த அட்டை மட்டும் தனியாகப் பல்லைக் காட்டியது.

“சுருட்டை, உன்னோடதுதானே?”

“குடுத்தேன் சார். புதன்கிழமையே உங்க மேஜையில வெச்சேன்.”

“வெச்சிருந்தா எங்க போகும்? றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். சார் அந்தச் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் சூடானார். “முடிக்கலைன்னா முடிக்கலைன்னு சொல்லிடு. பொய் எதுக்கு?”

“பொய் இல்ல சார்.”

“நீ பாத்தியாம்மா?” மகள் பக்கம் திரும்பினார்.

“இல்ல சார்.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டன அந்த இரண்டு சொற்கள்! தொண்டையில் எங்கேயும் தட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சுருட்டை அழவில்லை. காது மடல்கள் மட்டும் சிவந்தன. சார் நகர்ந்ததும் அவளாகவே வந்து, மகள் ஏறி நின்ற ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை தேடிப் பாக்கறியா? நீ தேடினா கிடைக்கும். நீதான் எல்லாத்தையும் ஒழுங்கா வைப்ப.”

மகளுக்கு ஏணிப்படி ஆடுவதுபோல் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, “உங்க அம்மா எத்தனை மணிக்கு வராங்க?” என்றாள்.

“வரல. நேத்து பர்மிஷன் கேட்டாங்களாம். ஒரு லைன்ல ஒருத்தர்தான் போகலாம், ஏற்கெனவே ஒருத்தர் போறாங்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாங்களாம்.”

அந்த ஒருத்தர் யார் என்று மகளுக்குத் தெரியும். காலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு விதத்துல நல்லதுதான்,” என்றாள் சுருட்டை. “வந்திருந்தா வெறும் அட்டையைப் பாத்துட்டுப் போயிருப்பாங்க.”

*

பன்னிரண்டரை மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா சொன்னபடியே ஓரமாக, சுவரை ஒட்டி நடந்தாள். மகள் போய்க் கையைப் பிடித்தபோதுகூட, “நீ போய் உன் வேலையைப் பாரு,” என்று விடுவித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு அந்த மாதிரிக் கூச்சமெல்லாம் கிடையாது. களிமண்ணில் ஒருவன் ராணியைச் செய்திருந்தான். கதவளவு சாவி கழுத்தில் தொங்க, அதன் பாரத்தில் அவள் தலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. “கழுத்து வலிக்கு டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்கப்பா,” என்றார். இன்னொருத்தி காலி டப்பாக்களைக் கவிழ்த்து வழி நெடுக அடுக்கியிருந்தாள். தட்டிவிடாமல் கடக்க எல்லோரும் பூனை நடை நடந்தார்கள். ஒரு படத்தில் ராணியே இல்லை. சோபாவில் சாய்ந்த ஒரு தொப்பைக்காரர், கையில் டிவி ரிமோட். ‘எங்கள் வீட்டு ராணி’ என்று தலைப்பு. அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.

அம்மா மகளின் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். தூங்கும் ராணி. தூக்கத்திலும் சாவியை இறுக்கிப் பிடித்த கை. இதைப் பார்த்துவிட்டு ஓவிய சார், “நீ என்ன, ராணிக்கு வக்கீலா?” என்று கேட்டிருந்தார்.

“ரொம்ப அசந்துபோய்க் கிடக்கறா, பாவம்,” என்றாள் அம்மா. “இவ கெட்டவளா?”

“முதல்ல இல்லம்மா.”

“அப்புறம்?”

மகள் படத்தின் மூலையை விரலால் அழுத்தி ஒட்டினாள். அம்மாவும் வற்புறுத்தாமல் நகர்ந்தாள். நகர்ந்தவள், தனியாக ஒட்டியிருந்த அட்டையின் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள்.

சுருட்டையும் பார்த்தாள். தன் அம்மா மறந்து வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கக் கம்பெனி கேட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். பார்வை அங்கிருந்து மகளுக்குப் போனது.

“இவங்க உங்க அம்மாவா?”

மகள் தலையாட்டினாள்.

“ஓ,” என்றாள் சுருட்டை. அவ்வளவுதான். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் அந்த ‘ஓ’வில் எங்கேயோ தூரமாகப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. “உன் படம் எதும்மா?” என்றாள் கனிவாக.

“காணோம் ஆன்ட்டி.”

“காணோம்னு சொல்றா,” என்று குறுக்கே வந்தார் ஓவிய சார். “எனக்கென்னமோ குடுக்கவே இல்லைன்னுதான் தோணுது.”

“அப்படிச் சொல்லாதீங்க சார். புள்ளை முகத்தைப் பாத்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு? முப்பது படத்துல ஒண்ணு எங்கேயாவது சிக்கியிருக்கும். இன்னொரு தடவை தேடச் சொல்லுங்க.”

ஓரமாக நிற்க வந்தவள், யாரிடமும் பேசமாட்டேன் என்று சொன்னவள், முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக வாய் திறந்து பேசினாள்.

அதற்கு மேல் மகளால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். டப்பாக்கள் உருண்டன. திரும்பி வந்தபோது கையில் சுருள் இருந்தது. தலைமுடியில் பாயின் தூசி.

“எங்க இருந்துச்சு?”

“சாமான் ரூம்ல சார். நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

“நீயா? எதுக்கு?”

அவள் சுருளை அவரிடம் நீட்டினாள். சார் அவளையும் சுருட்டையையும் பார்த்தார். காலையில் எல்லோர் முன்னாலும் யாரைப் பொய்க்காரி என்றாரோ, அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல், குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு படத்தைத் தானே மாட்டினார்.

அப்பா முதல் ஆளாகக் குனிந்தார்.

“கழுத்துல தொங்கறது சாவி இல்லையே... அட! இது உன் கம்பெனி அடையாளம் மாதிரியே இருக்கு பாரேன்! நாலுன்னு நம்பர்கூடப் போட்டிருக்கு!”

கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு. பிறகு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பொடி எழுத்துப் படிப்பது அவர் தொழில். படித்ததும் மெல்ல நிமிர்ந்து, மனைவியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஒவ்வொரு மாணவரும் தன் படைப்பைப் பற்றிப் பெற்றோர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சார் குரலைத் தணித்து, “வாம்மா. இப்ப நீ சொல்லு. அது என்ன கழுத்துல?” என்றார்.

சுருட்டை ஒரு தரம் மகளின் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “சும்மா சார். ஒரு டிசைன்.”

“இந்தப் பொம்பளைங்க எதுக்கு நிக்கறாங்க?”

“சும்மாதான் சார்.”

“வரையறதுக்கு முன்னாடி என்கிட்ட அவ்வளவு நேரம் விளக்கினியேம்மா?”

“மறந்துடுச்சு சார்.”

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த நெற்றியை, அந்த முடியை அம்மா இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். காஜா மெஷினில் குனிந்திருக்கும் நெற்றி. நேற்று சாயங்காலம் அந்த அக்கா மெஷினை அணைக்காமலே கேட்டாள், ‘மேடம், நாளைக்கு ஒரு ரெண்டு மணி நேரம்...’ என்று. இவளும் நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே முடியாது என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

இந்தப் பெண் பயப்படுகிறாள். வாயைத் திறந்தால் தன் தாயின் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள். யாரைப் பார்த்து? அம்மா தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

“நான் சொல்றேன் சார்,” என்றாள்.

“உங்களுக்கு எப்படி...”

“அது கட்டை. எங்க கம்பெனியில பாத்ரூம் போகணும்னா அதைக் கேட்டு வாங்கிட்டுத்தான் போகணும். லைனுக்கு ஒண்ணு. போனவங்க திரும்பி வந்தாதான் அடுத்த ஆள் போகலாம். இது நாலாவது லைனோடது. அது என்கிட்டதான் இருக்கும்.” குரல் தழுதழுக்கவில்லை, தட்டையாக வந்தது. “எனக்கு முன்னாடி இருந்தவங்க ஆணியில மாட்டி வெச்சிருந்தாங்க. யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம். அடிக்கடி தொலையுதுன்னு கழுத்துல மாட்டிக்கிட்டது நான். டார்கெட் குறையக் கூடாதுன்னு பார்த்தேன்.”

யாரோ இருமினார்கள். ரிமோட் படத்துக்காரனின் தந்தை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்போதுதான் வரிசையில் மூன்றாவது பெண் கண்ணில் பட்டாள். மற்றவர்களைப் போல அவள் முன்னால் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உடை கருத்திருந்தது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், திறந்தபடி, தன் மேலேயே கவிழ்த்துக்கொள்ளும் சாய்வில்.

மூன்று மாதம் முன்பு ஒரு மதியம். காஜா அக்கா இரண்டு தடவை வந்து கட்டை கேட்டாள். இரண்டு தடவையும், ‘இருங்க, ஒருத்தி போயிருக்கா’ என்றாள் இவள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பாட்டில் விழுந்த சத்தம். அக்கா நனைந்துபோய் நின்றாள். ‘மெஷின் பக்கத்துல தண்ணி வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சின்னப் பிள்ளையா நீங்க?’ என்று இவள் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அக்கா துணியால் தரையைத் துடைத்தாள்.

அது தண்ணீர் கொட்டியது அல்ல. அடக்க முடியாமல் நனைந்ததை மறைக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது.

இதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களில் அது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

வாசலுக்கு வேகமாக நடந்தவளை மகள் கேட் அருகே பிடித்தாள்.

“காலைல வராதேன்னது இதுக்குத்தானா?”

“ஆமாம்மா.”

“நான் கம்பெனிக்காரிங்கறதுக்காக இல்ல?”

“சத்தியமா இல்லம்மா.”

அம்மா அவள் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். “அதுவா இருந்திருந்தாக்கூடத் தேவலை,” என்றாள்.

*

மூன்றரை மணிக்கு அம்மா லைனுக்குள் நுழைந்தபோது, அதுவரை அதையும் பார்த்துக்கொண்ட மூன்றாவது லைன் சூப்பர்வைசர் கட்டையை நீட்டினாள். அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராகக் காஜா மெஷினுக்குப் போனாள்.

“அக்கா, எழுந்திருங்க.”

மெஷின் நின்றது. “என்ன மேடம்? பீஸ் ஏதாவது தப்பாயிடுச்சா?”

“அதெல்லாம் இல்ல. உங்க பொண்ணு படம் மாட்டியிருக்கு. அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். போய்ப் பாத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போங்க. மெஷினை நான் பாத்துக்கறேன்.”

சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தாள். காஜா அக்காவின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது.

“அவ ஏதாவது பண்ணிட்டாளா மேடம்?”

“ஒண்ணும் பண்ணல. நல்லா வரைஞ்சிருக்கா. நான் அங்கேர்ந்துதான் வரேன். நேத்து நீங்க கேட்டது இதுக்குத்தானா?”

“ஆமாம் மேடம்.”

“சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீங்க கேக்கலையே மேடம்.”

அதில் கோபம் துளியும் இல்லை. மணி மூன்றரை என்று சொல்வதுபோல் சொன்னாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“அக்கா... அன்னிக்கு, அந்தத் தண்ணி பாட்டில்...”

மாட்டிய கை அப்படியே நின்றது. “அது முடிஞ்சு போச்சு மேடம்.”

“எனக்கு நிஜமாவே தெரியாது. தெரியாமதான் அப்படிக் கத்தி...”

“முடிஞ்சு போச்சுன்னேனே!”

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அதில் மேடம் இல்லை. சொன்ன பிறகு காஜா அக்காவே திடுக்கிட்டாள். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக அமைதியாயின. அவள் குனிந்த தலையோடு, ஏறக்குறைய ஓட்டமாக, வெளியே போனாள்.

அம்மா மெஷினில் உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்கு முன்வரை கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. முதல் சட்டையிலேயே காஜா சாக்பீஸ் குறிக்கு வெளியே விழுந்தது.

காலர் தைக்கும் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். “மேடம், கட்டை...”

“போயிட்டு வா.”

“இல்ல மேடம், கட்டை இல்லாம எப்படி...”

“கால்தானே நடக்குது, கட்டையா நடக்குது? போயிட்டு வாம்மா.”

அவள் போனாள். நம்பாமல், மெல்ல, பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னாலேயே இன்னொருத்தி எழுந்தாள். ஆறு நிமிடத்தில் கண்ணாடி அறையின் கதவு திறந்தது.

“என்ன நடக்குது இங்க?” மேனேஜர் இரண்டு காலி மெஷின்களையும், காஜா மெஷினில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரையும் பார்த்தார். “காஜா ஆள் எங்க?”

“அனுப்பிட்டேன் சார். நான்தான் அனுப்பினேன்.”

“யாரைக் கேட்டு?”

அவர் மெஷின் மேல் கிடந்த பாழான சட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“திங்கட்கிழமை காலைல முதல் வேலையா என் ரூமுக்கு வாங்க,” என்றார்.

*

நாலரைக்கு ஹாலில் மகள் மட்டும் இருந்தாள். கூட்டம் வடிந்துவிட்டது. சார் சுருட்டையைத் தன் அறைக்குக் கூட்டிப்போயிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு அவர் சொன்னது ஒரே வரி. “திங்கட்கிழமை ப்ரேயர்ல, நீ செஞ்சதை நீயே எல்லார் முன்னாடியும் சொல்லணும்.” உருண்ட டப்பாக்களை அவள் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூச்சிரைக்க ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். உடை முழுக்க நூல் துணுக்குகள்.

“கண்ணு, இங்க சுருட்டைமுடியா ஒரு பொண்ணு... அவ வரைஞ்ச படம் எது?”

மகளுக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட்டிப்போனாள். ஓடி வந்தவள் கால்மாற்றி நிற்பதைப் பார்த்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காந்து பாருங்க ஆன்ட்டி.”

“நல்லா இரும்மா.”

காஜா அக்கா உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்தாள். முதலில் சிரித்தாள், தன் பெண் வரைந்தது என்ற பெருமைச் சிரிப்பு. பிறகு கண் கட்டைக்குப் போனது. பிறகு வரிசைக்கு. மூன்றாவது பெண்ணிடம் வந்ததும் கை வாயைப் பொத்திக்கொண்டது.

“இது எத்தனை மணிலேர்ந்து இங்க இருக்கு?”

“ஒரு மணிலேர்ந்து ஆன்ட்டி.”

“எல்லாரும் பாத்துட்டாங்களா?”

“பாத்தாங்க.”

“ஆம்பளைங்களும்?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வீட்ல வந்து அழுதுக்கிட்டே சொன்னேன். அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்,” என்றாள் காஜா அக்கா, படத்திடமே சொல்வதுபோல். “சுவத்துல மாட்டுவான்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?” மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். “கண்ணு, இந்த ஒருத்தியை மட்டும் அழிச்சிட முடியுமா? ஒரு பேப்பராவது ஒட்டிடேன். அவ வர்றதுக்குள்ள.”

மகளுக்கு அழுகை வந்தது. பாய்க்குப் பின்னால் இருந்தவரை இந்த அம்மா பத்திரமாக இருந்திருக்கிறாள். ஆனால் தான் ஒளித்துவைத்தது இவளுக்காக இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

“முதல்ல நான்தான் இதை ஒளிச்சு வெச்சேன் ஆன்ட்டி. யாரும் பாக்கக் கூடாதுன்னு.”

“நீயா?” காஜா அக்காவின் பிடி நன்றியோடு இறுகியது. “ஏன் கண்ணு? நீ யார் வீட்டுப் பொண்ணு?”

பொய் சொல்ல ஒரு நொடி போதும். காலையில் எவ்வளவு சுலபமாக வந்தது!

“நாலாவது லைன் சூப்பர்வைசரோட பொண்ணு.”

மணிக்கட்டிலிருந்து விரல்கள் விலகின. காஜா அக்கா சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து, உடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் முன்னால் கட்டி நின்றாள். யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது.

“ஐயோ, உக்காருங்க ஆன்ட்டி.”

“பரவாயில்லம்மா. நான் இப்படியே நிக்கறேன்.”

“ப்ளீஸ் ஆன்ட்டி, உக்காருங்க.”

“வேணாம்மா. அவ சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாம வரைஞ்சிட்டா. அம்மாகிட்ட நீ கொஞ்சம் சொல்லும்மா.”

மகள் அவள் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். கை வந்தது, ஆள் வரவில்லை. அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுருட்டை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கை கட்டி நிற்கும் தன் தாயை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள். “முதல்ல கையை எடுங்க.”

காஜா அக்கா கையை எடுக்கவில்லை.